ஒரு பாட்டைக்கூடத் தள்ளிவிடாம கேட்கக்கூடிய ஆல்பம் உண்டா? வீரபாண்டியில் இருந்து ஒரு டாக்டரின் நீண்ட இழை

1/
வழக்கமா சர்க்கரை, பிரஷர், டெங்கு, தடுப்பூசின்னு எழுதுற ஆள் நான். இன்னைக்கு பாட்டு பத்தி எழுதப் போறேன். "டாக்டருக்கு வேலை இல்லையா"ன்னு கேக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சா இதுவும் மருத்துவப் பதிவுதான்னு தெரியும். கொஞ்சம் நீளம். டீ ஒண்ணு போட்டு வெச்சுட்டு உக்காருங்க.

2/
போன வாரம் நண்பர்கள் குழுவுல ஒரு சண்டை. "ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு பாட்டுகூட சோடை போகாத தமிழ் ஆல்பம் எது?" அவ்வளவுதான் கேள்வி. ஒருத்தர் ரோஜான்னார். ஒருத்தர் தளபதின்னார். இன்னொருத்தர் சிந்து பைரவின்னார். ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஓடுச்சு. கடைசியில ரெண்டு பேர் குழுவை விட்டே வெளியேறிட்டாங்க. ஒருத்தர் எலும்பு டாக்டர். இன்னொருத்தர் என் சொந்த மச்சான்.

3/
எனக்கும் இதுல ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி "பழுது இல்லாதது"ன்னா என்னன்னு ஒரு முடிவுக்கு வரணும். அதுக்கு எங்க ஊரை விட நல்ல ஊர் கிடையாது. நான் இருக்கிறது வீரபாண்டி. தேனி பக்கம் கௌமாரியம்மன் கோயில் இருக்கிற வீரபாண்டி இல்லை. திருப்பூர்ல பல்லடம் ரோட்டுல இருக்கிற வீரபாண்டி. என் கிளினிக்குக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மேல பனியன் கம்பெனி வேலை. டெய்லர், ஓவர்லாக், கைமடி, அயர்னிங், பேக்கிங், நிட்டிங் ஆபரேட்டர். எங்க அம்மாவும் செக்கிங்ல இருந்தவங்கதான். அப்பா கட்டிங் மாஸ்டர்.

4/
செக்கிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: தைச்சு வர்ற ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்துல விரிச்சுப் பார்க்கணும். ஓட்டை இருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா, தையல் விட்டிருக்கா, துணியில ஊசிக்கோடு ஓடுதா? பழுது இருந்தா அந்த இடத்துல ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியா வைக்கணும். அம்மா இருபத்தி ரெண்டு வருஷம் அதைச் செஞ்சாங்க. வீட்டுல நான் புதுச் சட்டை போட்டு நின்னாலும் முதல்ல தையலைத்தான் பார்ப்பாங்க, அப்புறம்தான் மூஞ்சி.

5/
ஏற்றுமதிக்கு முன்னாடி வாங்குறவங்க தரப்புல இருந்து கடைசிப் பரிசோதனை நடக்கும். அதுல ஏ.க்யூ.எல்னு ஒரு கணக்கு உண்டு. "எவ்வளவு பழுது இருந்தா பொறுத்துக்கலாம்"ங்கிற அளவு. பெரிய பழுதுக்குப் பொதுவா 2.5 வைப்பாங்க. 1,201ல இருந்து 3,200 பீஸ் வரைக்கும் உள்ள ஆர்டர்னா, சாதாரண ஆய்வு முறையில 125 பீஸ் எடுத்துப் பார்ப்பாங்க. அதுல 7 பீஸ் வரைக்கும் பழுதுன்னா பாஸ். 8 ஆச்சுன்னா மொத்த லாட்டும் ரிஜெக்ட். அதாவது உலகத்துல எந்த பையரும் பழுதே இல்லாத சரக்கைக் கேக்குறது இல்லை. பொறுத்துக்கக்கூடிய பழுதைத்தான் கேக்குறான்.

6/
இப்போ இதை ஆல்பத்துக்குப் போட்டுப் பாருங்க. சினிமா ஆல்பத்துல 5 அல்லது 6 பாட்டு. ஒண்ணு சுமாரா இருந்தாலே 20 சதவீதம் பழுது. பனியன்ல இப்படி இருந்தா கண்டெய்னர் ஏறவே ஏறாது. அதனாலதான் நாம "சூப்பர் ஆல்பம்"னு கொண்டாடுற பலதும் உண்மையில "மூணு சூப்பர் பாட்டு, ஒரு சுமார் பாட்டு, ஒரு தள்ளிவிடுற பாட்டு". அந்தத் தள்ளிவிடுற பாட்டை நாம மறந்துடுறோம். அதனால ஆல்பம் மனசுக்குள்ள பழுதில்லாததா மாறிடுது. உங்க பட்டியலை எடுத்து இந்தக் கணக்குல ஒருமுறை சோதிச்சுப் பாருங்க. பாதி உதிர்ந்துரும்.

7/
என்னோட தேர்வைச் சொல்லிடறேன். மௌன ராகம். 1986. மணிரத்னம் படம், இளையராஜா இசை. மொத்தம் 5 பாட்டு. அஞ்சையும் எழுதினது வாலி. பாடினது ரெண்டே பேர்: எஸ்.பி.பாலசுப்ரமணியம், எஸ்.ஜானகி. அவ்வளவுதான். கோரஸ் கூட்டம் காட்டி மிரட்டுறது இல்லை, கவர்ச்சிக்குன்னு செருகின பாட்டு இல்லை, காமெடியனுக்கு ஒரு பாட்டு இல்லை.

8/
அஞ்சு பாட்டும் ஹிட் என்பது என் காரணம் இல்லை. அப்படிப் பார்த்தா கரகாட்டக்காரனும் (1989) வரும், இன்னும் பல படமும் வரும். என் காரணம் வேற. இதுல எதையும் எடுக்க முடியாது. ஜானகிக்குத் தனியா ரெண்டு பாட்டு. எஸ்.பி.பிக்குத் தனியா ரெண்டு பாட்டு. ரெண்டு குரலும் சேர்றது ஒரே ஒரு பாட்டுல. படத்தோட கதை என்ன? கல்யாணம் ஆகியும் ஒரே வீட்டுல ரெண்டு பேரும் தனித்தனியா வாழுற கதை. படம் பார்க்காத ஒருத்தர் கேசட்டை மட்டும் கேட்டாலும் அந்தத் தனிமை புரியும். குரல்களைப் பங்கு பிரிச்ச விதத்துலயே கதை இருக்கு. ஒரு பாட்டை உருவினீங்கன்னா தராசு ஒரு பக்கம் சாஞ்சுரும். இதைத்தான் நான் பழுதில்லாததுன்னு சொல்றேன்.

9/
"சினிமாப் பாட்டெல்லாம் சிச்சுவேஷனுக்குப் போடுறது, அதைப் போய் ஆல்பம்னு சொல்லலாமா"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சினிமா இல்லாத ஆல்பம் வேணும்னா அதுவும் இருக்கு. அதே 1986ல இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' வெளியிட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் சமர்ப்பணம். வி.எஸ்.நரசிம்மன் வயலின். பாட்டு வரியே கிடையாது, முழுக்க வாத்திய இசை. அதுல ஒரு துண்டோட தலைப்பு 'நான் பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்'ங்கிற அர்த்தத்துல வரும். இன்னொண்ணோட தலைப்பு 'பிறகு நாங்கள் பேசினோம்'ங்கிற மாதிரி. ரெண்டையும் சேர்த்தாத்தான் ஒரு வாக்கியம் முழுசாகும். தலைப்புலகூட ஒண்ணை விட்டு ஒண்ணைக் கேக்காதேன்னு சொல்லி வெச்சிருக்கார்.

10/
உலகம் முழுக்க இந்த எண்ணம் உண்டு. பிங்க் ஃபிளாய்டோட 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973ல வந்தது. அது இதயத் துடிப்புச் சத்தத்தோட ஆரம்பிச்சு இதயத் துடிப்போடவே முடியும். டாக்டர்ங்கிறதால எனக்கு அது தனியாப் பிடிக்கும். பாதியில நிறுத்தினா நோயாளியைப் பாதியில விட்டுட்டு எழுந்து போன மாதிரி இருக்கும். 2021ல பாடகி அடெல் தன்னோட '30' ஆல்பம் வந்தப்போ ஸ்பாட்டிஃபைகிட்ட ஒரு விஷயம் கேட்டாங்க: ஆல்பம் பக்கத்துல முதல்ல நிக்கிற பட்டன் பாட்டைக் கலைச்சுப் போடுற ஷஃபிள் பட்டனா இருக்க வேண்டாம், வரிசையாப் போடுங்கன்னு. அவங்களும் மாத்தினாங்க. வரிசைக்குன்னு ஒரு அர்த்தம் இருக்குன்னு நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்காங்க.

11/
அவ்வளவு தூரம் போக வேண்டாம். காலையில எங்க வீதிக்கு வாங்க. கோயில்ல எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடின வேங்கடேச சுப்ரபாதம் போடுவாங்க. 1963ல வந்த இசைத்தட்டு. சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம்னு நாலு பகுதி. டீக்கடையில சூலமங்கலம் சகோதரிகளோட கந்த சஷ்டி கவசம். இதையெல்லாம் யாராச்சும் "இந்தப் பகுதி சுமார், அடுத்ததுக்குத் தள்ளு"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? வடை சுடுற அண்ணனுக்கு அடுத்த வரி என்னன்னு வாய் தானா முணுமுணுக்கும். தமிழ்நாட்டுல ஒண்ணுவிடாம அதிகம் கேட்கப்பட்ட இசைத்தட்டுகள் இவையாத்தான் இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

12/
இங்கதான் எனக்கு என் கருத்து மேலயே ஒரு சந்தேகம் வருது. இவையெல்லாம் பழுதில்லாததாலதான் முழுசாக் கேக்குறோமா, இல்லை முழுசாக் கேட்டுக் கேட்டுத்தான் பழுது தெரியாமப் போச்சா? உளவியல்ல இதுக்குப் பேரே உண்டு. ராபர்ட் சாயன்ஸ்ங்கிறவர் 1968ல எழுதினார்: ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலோ கேட்டாலோ அது மேல பிரியம் கூடும். இன்னொண்ணும் உண்டு. பத்து வயசுல இருந்து முப்பது வயசுக்குள்ள கேட்ட பாட்டுதான் மனுஷனுக்கு வாழ்நாள் முழுக்க அதிகம் ஒட்டும். அதனாலதான் நான் மௌன ராகம்னு சொல்றேன், என் தம்பி அலைபாயுதேன்னு (2000) சொல்றான், என் கிளினிக் நர்ஸ் பாப்பா 96னு (2018) சொல்லுது. மூணு பேருமே தராசைத் தூக்கலை. வயசைத்தான் சொல்றோம்.

13/
96 பத்தி அந்தப் பாப்பாகிட்ட ஒரு விஷயம் சொன்னேன். அந்தப் படத்து நாயகிக்கு ஜானகின்னு பேர் வெச்சது எஸ்.ஜானகி நினைவாத்தான். நீ கொண்டாடுற ஆல்பத்துக்குள்ள என் ஆல்பத்துப் பாடகி உக்காந்திருக்கான்னு சொன்னதும் சிரிச்சுட்டு, "அப்ப ரெண்டு பேருக்கும் டிரா சார்"னுச்சு. சரின்னுட்டேன்.

14/
எங்க அப்பா வேலை செஞ்ச கம்பெனியில ஒரு டேப் ரெக்கார்டர் இருந்துச்சு. கட்டிங் டேபிள் ஓரத்துல, நூல் பஞ்சு படிஞ்சு வெள்ளையா நிக்கும். பாட்டைத் தள்ளணும்னா கத்தரியைக் கீழ வெச்சு, கையைத் துடைச்சு, நடந்து போய், பட்டனை அமுக்கி, எங்க நிக்கும்னு குத்துமதிப்பாப் பார்த்து நிறுத்தணும். பீஸ் ரேட்டுல வேலை செய்யுற யாருக்கு அதுக்கு நேரம்? அதனால சுமார் பாட்டும் ஓடும். பத்தாவது தடவை ஓடுறப்போ அந்த சுமார் பாட்டுல ஒரு புல்லாங்குழல் துணுக்கு பிடிச்சுப் போகும். இருபதாவது தடவை அது இல்லாம இருக்க முடியாது. டேப் சிக்கினா பென்சிலை விட்டுச் சுத்துவாங்க. அறுந்தா நெயில் பாலிஷ் வெச்சு ஒட்டுவாங்க. அந்தக் கேசட் செத்தா ஒரு ஆள் செத்த மாதிரிதான்.

15/
அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வரலை. அப்பவும் ரெக்கார்டிங் சென்டர்ல பேப்பர்ல பட்டியல் எழுதிக் குடுத்து, பிடிச்ச பாட்டை மட்டும் அறுபது நிமிஷக் கேசட்டுல பதிஞ்சு வாங்கினவங்கதான் நாம. ஒரு கேசட்டுல ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம்னும் வித்தாங்க. பிடிச்சதை மட்டும் எடுக்கிற ஆசை புதுசு இல்லை. ஒரே ஒரு வித்தியாசம். அப்போ தேர்ந்தெடுத்தது நாம. இப்போ பாட்டு முடியுறதுக்கு முன்னாடியே அடுத்தது என்னன்னு செயலி முடிவு பண்ணுது. பத்து நொடியில பிடிக்கலைன்னா கட்டை விரல் தானாத் தள்ளுது. பத்தாவது தடவைக்குப் பிறகு பிடிக்கக்கூடிய பாட்டுக்கு இந்த உலகத்துல இடமே இல்லை.

16/
அதனால என் முடிவு இது: பழுதில்லாத ஆல்பத்தைப் பாதி இசையமைப்பாளர் செய்யுறார். மீதிப் பாதியை நம்ம காது செய்யுது. இதுக்கு மூளை ஆய்வும் துணைக்கு வருது. 2009ல வந்த ஒரு ஆய்வு. தங்களுக்கு நல்லாப் பழகின சிடியைக் கேக்குறவங்களோட மூளையை ஸ்கேன்ல பார்த்தாங்க. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிறதுக்கு இடையில இருக்கிற அமைதியிலயே மூளையோட முன்பகுதி வேலை செய்ய ஆரம்பிச்சுடுது. அடுத்த பாட்டு வர்றதுக்கு முன்னாடியே மூளை அதை எடுத்து வெச்சுக் காத்திருக்கு. பழகாத பாட்டுகளுக்கு இது நடக்கலை. அந்தச் சில நொடி அமைதியையும் சேர்த்துத்தான் நமக்கு ஆல்பம். கலைச்சுப் போட்டுக் கேட்டா அந்தக் காத்திருப்பு உருவாகவே உருவாகாது.

17/
இனிமேல்தான் நான் இந்த இழையை எழுதின காரணம் வருது. கிளினிக்குக்கு ஒரு அண்ணன் வருவார். அவர்கிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதறேன், அடையாளம் தெரியாத மாதிரி சில விவரத்தை மாத்தியிருக்கேன். வயசு நாப்பதைத் தாண்டியாச்சு. நிட்டிங் ஆபரேட்டர். பதினெட்டு வருஷமா நைட் ஷிப்ட். பிரஷர் மாத்திரை வாங்க வந்தவர், கிளம்புறப்போ கதவுகிட்ட நின்னுட்டார். "ஏனுங் டாக்டர், ஒண்ணு கேக்கோணும். சிரிக்கக் கூடாதுங்."

"சொல்லுங்கண்ணா."

"மௌன ராகம் பாட்டுல என்னமோ குறையுதுங்."

18/
எனக்குப் புரியலை. அவர் விளக்கினார். சின்ன வயசுல இருந்து அவங்க வீட்டுல இருந்த ஒரே கேசட் அதுதானாம். அண்ணன் வாங்கியாந்தது. அஞ்சு பாட்டும் அத்துப்படி. இப்போ நைட் ஷிப்ட்ல போன்ல போட்டுக் கேப்பார். "ஒரு பாட்டுல தாளத்தோட சன்னமா 'சிக்கு சிக்கு'ன்னு ஒரு சத்தம் வருமுங். இப்ப அது கேக்க மாட்டீங்குது. ஹெட்செட் கெட்டுப் போச்சுன்னு மூணு ஹெட்செட் மாத்தீட்டனுங். போனையும் மாத்தீட்டேன். அப்பவும் இல்லீங். பாட்டையே மாத்தி வெச்சுட்டாங்களா என்னனு தெரீல."

19/
பாட்டை யாரும் மாத்தலை. ஆடியோமெட்ரிக்கு அனுப்பினேன். ரிப்போர்ட் வந்துச்சு. ரெண்டு காதுலயும் 4,000 ஹெர்ட்ஸ் இடத்துல கோடு பள்ளமா இறங்கியிருந்துச்சு. இரைச்சலால வர்ற காது கேளாமைக்கு அதுதான் கையெழுத்து. 4,000 ஹெர்ட்ஸ்னா எவ்வளவுன்னு தெரியணுமா? பியானோவோட வலது கோடிக் கடைசிக் கட்டை ஏறக்குறைய அந்தச் சுருதிதான். பேச்சு பெரும்பாலும் அதுக்குக் கீழ. அதனால ஆரம்பத்துல பேச்சு கேட்கும், பாதிப்பே தெரியாது. முதல்ல போறது பாட்டுல இருக்கிற சன்னமான சத்தங்கள்: சலங்கை, ஜால்ரா, வயலினோட மேல் நாதம். அப்புறம் பேச்சுல மெய்யெழுத்துகள் மங்கும். "சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை"ன்னு சொல்லுவாங்க. அப்போ ரொம்ப தாமதம்.

20/
காரணம் என்ன? உள் காதுல ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 முடிச் செல்கள் இருக்கு. அவ்வளவுதான் நம்ம வாழ்நாள் இருப்பு. செத்தா மனுஷனுக்கு மறுபடி முளைக்காது. மாத்திரை கிடையாது, சொட்டு மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது. 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்ங்கிறது எல்லைக்கோடு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88னா 4 மணி நேரம். 91னா 2 மணி நேரம். மீட்டர் வேண்டாம், ஒரு எளிய சோதனை சொல்றேன்: கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறவர்கிட்ட குரலை உசத்திப் பேச வேண்டியிருந்தா அந்த இடம் 85ஐத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். நம்ம ஊர்ல எத்தனை செட்டுல சாதாரணக் குரல்ல பேச முடியும்? நீங்களே சொல்லுங்க.

21/
அண்ணன் செஞ்ச தப்பு ஒண்ணு. நம்மள்ல பல பேர் செய்யுறது. மிஷின் சத்தத்துக்கு மேல பாட்டு கேட்கணும்னு ஹெட்செட்ல வால்யூமை ஏத்தியிருக்கார். மிஷின் ஒரு அடி, பாட்டு இன்னொரு அடி. பிடிச்ச பாட்டுதானேன்னு காது பார்க்காது. முடிச் செல்லுக்கு இளையராஜாவும் ஒண்ணுதான், நிட்டிங் மிஷினும் ஒண்ணுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு: 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல்னா வாரத்துக்கே 4 மணி நேரம்தான். அண்ணன் ஒரே ராத்திரியில ரெண்டு வாரத்துக் கணக்கை முடிச்சிருப்பார்.

22/
காது அடைப்பான் போடுங்கண்ணான்னு சொன்னேன். உடனே மறுப்பு. "காதை அடைச்சா நூல் அறுந்தா எப்படிங் தெரியும்? ஊசி உடைஞ்சா சத்தத்துலதானுங் கண்டுபிடிப்போம்." நல்ல கேள்வி. தொழில் தெரிஞ்சவர் கேள்வி. நூல் அறுந்தா மிஷின் தானா நிக்கும், விளக்கும் எரியும், அது அவருக்கே தெரியும். அடைப்பான் போட்டா சத்தம் செத்துப் போகாது, குறையும், அவ்வளவுதான். மிஷினோட தாளம் மாறினா அப்பவும் தெரியும். "இன்னும் பத்து வருஷம் இப்படியே போனா ஊசி உடையுற சத்தமும் கேட்காதுண்ணா, அப்ப என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டேன். பேசாம இருந்தார். அப்புறம், "சரிங்"ன்னார்.

23/
இங்க முதலாளிகள்கிட்டயும் ஒரு வார்த்தை. இரைச்சலால வர்ற காது கேளாமை சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில் நோய்ப் பட்டியல்ல இருக்கு. பஞ்சு மாதிரி விரல்ல உருட்டிக் காதுல வைக்கிற அடைப்பான் ஒரு ஜோடி டீ, வடை விலைக்குக் கிடைக்குது. ஒரு பீஸ்ல ஊசி முனையளவு ஓட்டை இருந்தா அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியா எடுத்து வைக்கிற ஊர் இது. துணிக்கு இருக்கிற செக்கிங், அதை நெய்யுற ஆளோட காதுக்கு வேண்டாமா? வருஷத்துக்கு ஒருமுறை ஆடியோமெட்ரி. அவ்வளவுதான் கேக்குறேன்.

24/
நீங்க செய்ய வேண்டியது, சுருக்கமா:
▪️ சத்தமான இடத்துல ஹெட்செட்ல பாட்டு வேண்டாம். சத்தத்தை சத்தத்தால மறைக்காதீங்க.
▪️ போன்ல முழு அளவுல 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.
▪️ வேலை முடிஞ்சு வந்ததும் காதுல "கொய்ங்"னு கேட்டா, இல்லை காது அடைச்ச மாதிரி இருந்தா, அன்னைக்குக் காது அடி வாங்கியிருக்குன்னு அர்த்தம். காலையில சரியாப் போனாலும் அலட்சியம் வேண்டாம்.
▪️ வீட்டுல டிவி சத்தத்தை நீங்க மட்டும் கூட்டி வைக்கிறீங்கன்னு மத்தவங்க சொன்னா, சண்டை போடாம பரிசோதனைக்குப் போங்க.
▪️ திடீர்னு ஒரு காது கேட்காமப் போனா அது அவசரம். அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. "சளி அடைச்சிருக்கும்"னு வாரக்கணக்குல காத்திருக்காதீங்க.

25/
இப்போ ஆல்பம் விஷயத்துக்குத் திரும்பறேன். அந்த அண்ணனுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சுது? பல பேர் பேச்சே புரியாமப் போன பிறகுதான் வருவாங்க. இவர் ஒரு சன்னமான "சிக்கு சிக்கு" காணாமப் போனதுமே வந்துட்டார். ஏன்னா அவருக்கு ஒரு ஆல்பம் முழுசாத் தெரியும். எந்த இடத்துல என்ன இருக்கணும்னு தெரியும். அதனால எது இல்லைன்னும் தெரிஞ்சுது. ஆயிரம் பாட்டைப் பத்துப் பத்து நொடி கேட்டு வளர்ந்த ஒரு பையனுக்கு இது தெரிஞ்சிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அவன் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பான்.

26/
எங்க அம்மாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறமும் தையல் பார்க்கிற பழக்கம் போகலை அவங்களுக்கு. கேட்டுட்டுச் சொன்னாங்க: "பழுதே இல்லாத பீஸுன்னு ஒண்ணு கெடையாது கண்ணு. ஒரு பீஸை முழுசாப் பாத்தவங்களுக்குத்தான் அதுல பழுது எங்கன்னு தெரியும், அது நல்ல பீஸான்னும் தெரியும். பாதி பாத்தவங்களுக்கு ரெண்டும் தெரியாது." நான் பதினாறு பதிவுல சொன்னதை அவங்க மூணு வரியில முடிச்சுட்டாங்க.

27/
அந்த அண்ணன் போன மாசம் மறுபடி வந்தார். அடைப்பான் போடுறாராம். ஷெட்டுல முதல்ல கிண்டல் பண்ணினாங்களாம், இப்போ இன்னும் நாலு பேர் கேட்டு வாங்கியிருக்காங்களாம். ராத்திரி ஹெட்செட்டை நிறுத்திட்டார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுல சின்ன ஸ்பீக்கர்ல, சன்னமா வெச்சு, அஞ்சு பாட்டையும் வரிசையாக் கேக்குறாராம். மகளும் பக்கத்துல உக்காருமாம்.

"அந்தச் சத்தம் திரும்ப வந்துச்சாண்ணா?"ன்னு கேட்டேன். வராதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"இல்லீங். அது வராதுன்னு நீங்கதான் சொல்லீட்டீங்களே. ஆனா அது எங்க வரும்னு எனக்குத் தெரியுமுங். அந்த எடம் வர்றப்ப பாப்பாளைப் பாப்பேன். அதும்பட தலை ஆடுமுங். சரி, வந்துருச்சுன்னு நெனச்சுக்குவேன்."

28/
அவ்வளவுதான் மக்களே. உங்களுக்கும் முழுசாத் தெரிஞ்ச ஆல்பம் ஒண்ணு இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை அதை எடுங்க. போனைத் தள்ளி வைங்க. முதல் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும், நடுவுல வர்ற அமைதியையும் சேர்த்து, தள்ளாமக் கேளுங்க. மிஞ்சிப் போனா அரை மணி நேரம். எல்லாச் சத்தமும் அதது இடத்துல இருக்கான்னு பாருங்க. இருந்தா சந்தோஷம். ஏதாச்சும் குறைஞ்சா ஹெட்செட்டை மாத்தாதீங்க. வந்து காதைக் காட்டுங்க.

குழுவை விட்டு வெளியேறின மச்சானுக்கு: தளபதியும் நல்ல ஆல்பம்தான். திரும்பி வாங்க.